தண்டல் காத்தமுத்து கரையேறிய கதை

போன மாதம் என் மகன் ஒரு வண்ணத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். சிரம்பானுக்கு வெளியே வயதானவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு கட்டியிருக்கிறார்களாம். சுற்றிலும் வேலி, வாசலில் காவலாளி, போகிறவர் வருகிறவர் பெயரெல்லாம் புத்தகத்தில் ஏறும், மாலை ஆறு மணிக்கு ஒரு நர்ஸ் வந்து தலை எண்ணிவிட்டுப் போவார். "பாதுகாப்பா இருக்கும்பா. இங்க லோபாக் வீட்டுல தனியா கெடந்து என்னா செய்யப் போறீங்க" என்றான். நான் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்று மடியில் விழுந்தது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் பிறப்பதற்கு முன்பே நான் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தவன் என்பது அவனுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முப்பத்தாறு வருஷம் நான் தோட்டத்து டிரசர். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை காரில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போவார். மற்ற நாள்களில் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், மருந்து கலக்குகிறவன் எல்லாம் நானே. இந்தக் காலத்துப் பிள்ளைகள், "உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது அங்கிள்?" என்று கேட்பதுண்டு. பாம்புக்கடி, தலைகீழான பிரசவம் என்று ஏதாவது எதிர்பார்ப்பார்கள். என் கஷ்டமான கேஸுக்கு நோயே கிடையாது. நாடி சுத்தம், நாக்கு சுத்தம், அறுபத்தெட்டு வயதில் முப்பத்திரண்டு பல்லும் வாயிலேயே இருந்தன. அந்த மனிதரைத் தூங்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரிய டிரசரிடம் மூன்று வருஷம் கைகட்டி நின்றேன். அவரிடம் இருந்த வைத்தியம் இரண்டு. காய்ச்சல் என்றால் குயினைன், மற்ற எதுவானாலும் விளக்கெண்ணெய். வேலைக்கு டிமிக்கி கொடுக்க வருகிறவனுக்கும் விளக்கெண்ணெய்தான், அவன் மறுநாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். அந்த ஞானத்தோடு இருபத்து மூன்று வயதில், சுவா என்ற ஊரைத் தாண்டி ஆற்றோரமாக இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் போய்விடக் கூடாதென்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயன் வீடுகளை எல்லாம் ஒரே மேட்டில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலை ஆறுக்கு கேட் திறக்கும், மாலை ஆறுக்கு மூடும். அதற்கு மேல் வெளியே நிற்கிறவனை ஏன் என்று கேட்காமல் சுடலாம் என்று உத்தரவு. ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக முடியாது. என் மருந்துப் பெட்டியையும் விடமாட்டார்கள். ஒரு போலீஸ்காரர் தினமும் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். ஒரு நாள் சந்தேகம் தீராமல் ஒரு மடக்கு குடித்தும் பார்த்தார். அதன் பிறகு என்னைக் கண்டால் கேட்டைத் தானே திறந்துவிடுவார்.

அந்த கேட்டுக்கு ராஜா எங்கள் பெரிய கிராணி ஐயா செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர். தோட்ட ஆபீஸின் கணக்கர்களுக்கெல்லாம் தலைவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் குடை, சட்டைப்பையில் மைப்பேனா. நாற்காலியைக் கைக்குட்டையால் துடைக்காமல் உட்காரமாட்டார். யாரையும் அதட்டியதில்லை, கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் துடைக்க எதிரில் நிற்கிறவனுக்கு வியர்க்கும். போகிற வருகிற ஒவ்வொரு தலையையும் குடை நுனியால் சுட்டி எண்ணி, அதன் பிறகுதான் புத்தகத்தில் எழுதுவார். ஒரு நாள், "முனியம்மா உள்ள வந்துடுச்சு ஐயா, நான் பாத்தேன், எழுதிக்குங்க" என்றேன். கண்ணாடி கழன்றது.

"நீர் கண்டால் நீர் எழுதும். என்ரை புத்தகத்திலை நான் கண்டதைத்தான் நான் எழுதுவன்" என்றார். பிறகு முனியம்மா வீடுவரை நடந்துபோய், அவள் தலையைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எட்டு அறை கொண்ட ஒரு லயன் இருந்தது. உழைத்து ஓய்ந்து, உறவு என்று யாரும் இல்லாதவர்களை அங்கே வைத்திருந்தார்கள். ஓய்வு லயன் என்று பெயர். அது என் பொறுப்பு. அங்கே சட்டாம்பிள்ளை பேச்சியம்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். பன்னிரண்டு தூளிகளை வரிசையாகக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கையால் கீரை ஆய்ந்தபடியே பன்னிரண்டு பிள்ளைகளையும் தூங்க வைப்பாளாம். அதைச் சொல்லி முடிக்காமல் என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டதே இல்லை.

இப்போது காத்தமுத்துவுக்கு வருகிறேன். ரோடு போடுவதற்கு முன்னால், எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டெல்லாம் படகில்தான் ஆற்றோடு இறங்கி போர்ட்டிக்சனுக்குப் போகும். அந்தப் படகுக்குத் தண்டல், அதாவது படகை நடத்துகிறவர், காத்தமுத்து. லாரி வந்ததும் படகுக்கு வேலை போய்விட்டது. துரை இரக்கப்பட்டு, "நீயே வச்சுக்கோ" என்று படகை அவருக்கே கொடுத்துவிட்டார். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அந்த இருபத்தைந்து அடிப் படகில், ஆற்றுத் துறையில் கட்டிப்போட்டபடி, மனிதர் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். மீன் பிடிப்பார், சமைப்பார், படுப்பார். கரையில் கால் வைப்பது உப்பு வாங்க மட்டும்தான்.

வேலிக்கு வெளியே, ஆற்றங்கரையில், காட்டோரமாக ஒற்றை ஆள். போலீஸ் அதிகாரி சும்மா இருப்பாரா? வெள்ளைக்காரர், சிவந்த முகம், பேசுவதெல்லாம் கத்தல். ஒரு திங்கட்கிழமை வந்து பெரிய கிராணியிடம் இங்கிலீஷில் கத்திவிட்டுப் போனார். வருகிற ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் கிழவர் வேலிக்குள் வந்துவிட வேண்டும். இல்லையென்றால் படகைக் கொளுத்திவிட்டு, ஆளை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்களாம். உள்ளே வந்த பிறகு வெளியே போனாலும் அதே கப்பல்தான்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். காத்தமுத்து தூண்டிலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தியாவுல எனக்கு யாரத் தெரியும் தம்பி? எங்காத்தா இடுப்புல உக்காந்து வந்தவன் நான். எறங்குனா எந்தப் பக்கம் நடக்கணும்னுகூடத் தெரியாது."

"அப்ப உள்ள வந்துடுங்களேன். ரூமு சுத்தமா இருக்கு, கட்டில் போட்டிருக்கேன்."

"தரையில படுத்து நாப்பது வருசமாச்சு. தரை ஆடாது தம்பி. ஆடாம படுக்கிறவன் பொணம்."

தண்ணீரில் இருந்தால் மூட்டுவாதம் வரும் என்று பயமுறுத்திப் பார்த்தேன். எழுந்து ஒற்றைக் காலில் நின்று காட்டினார். படகு ஆடியது, அவர் ஆடவில்லை, நான்தான் தடுமாறி ஆற்றில் விழுந்தேன்.

வியாழக்கிழமை பெரிய கிராணியே குடையோடு துறைக்கு இறங்கி வந்தார். அதிகாரி கொடுத்துவிட்டுப் போன உத்தரவுத் தாளை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார்.

"இதிலை மனுசர் வேலிக்கு வெளியாலை படுக்கக் கூடாதெண்டு கிடக்கு. படகு வேலிக்கு உள்ளுக்கை வரக் கூடாதெண்டு எங்கையும் கிடக்கேல்லை" என்றார். "படகை மேட்டிலை ஏத்தி ஓய்வு லயன் பக்கத்திலை வையுங்கோ. அவர் அதிலையே படுக்கட்டும்."

சும்மா சொல்லக்கூடாது, என்ன மூளை! காத்தமுத்துவும் அரைமனதாகத் தலையாட்டினார். "ஆனா படகை விட்டு நான் எறங்க மாட்டேன். என்னையும் சேத்து இழுங்க" என்றார்.

ஞாயிறு காலை நாற்பத்து மூன்று பேர் எண்ணி வெளியே விடப்பட்டோம். படகை இழுக்கத் தடித்த கயிறு வேண்டும். தோட்டத்தில் இருந்த ஒரே தடித்த கயிறு மாரியம்மன் தேர் வடம். பூசாரியிடம் கேட்டோம். "தாராளமா எடுங்க, ஆனா முறைப்படி எடுக்கணும்" என்று அவரும் கூடவே வந்துவிட்டார். அங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

தேங்காய் உடைத்தார், சூடம் கொளுத்தினார், படகுக்கு அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். ரப்பர்க் கட்டைகளை உருளையாகப் போட்டு இழுக்க ஆரம்பித்தோம். யாரோ ஒருவன் போய்த் தவிலைக் கொண்டுவந்தான். தேர் வடத்தைக் கையில் பிடித்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தானாகவே ஒரு வேகம் வந்துவிடும். மேடேறி கேட்டுக்குள் நுழையும்போது உச்சி வெயில். அப்படியே இடப்பக்கம் திருப்பியிருந்தால் ஓய்வு லயன், வேலை முடிந்தது. ஆனால் தேர் என்றால் ஊரை வலம் வர வேண்டாமா? யாரும் சொல்லவில்லை, வடம் தானாக வலப்பக்கம் திரும்பியது.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றோம். பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொட்டினார்கள், தட்டு நீட்டினார்கள். காத்தமுத்து படகின் முனையில் வெட்கத்தோடு நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காவது வீட்டில் ஒருத்தி கைப்பிள்ளையை அவரிடம் நீட்டினாள். என்ன செய்வதென்று தெரியாமல் அதன் நெற்றியில் திருநீறு பூசினார். ஆறாவது வீட்டில் கேட்காமலே பூசினார். கடைசி லயன் வரும்போது கையை உயர்த்தி ஆசீர்வாதமே செய்ய ஆரம்பித்துவிட்டார். வலம் முடிய நாலரை மணி ஆனது.

"நிறுத்தாதீங்க, நிலைக்குப் போகணும்" என்று பூசாரி குரல் கொடுத்தார். தேர் எங்கே புறப்பட்டதோ அங்கேதான் திரும்பி வந்து நிற்க வேண்டும். அதுதான் நிலை. சிறு பிள்ளைக்கும் தெரிந்த முறை அது. ஒருவருக்கும் வேறு எண்ணமே வரவில்லை. வடம் கேட்டைப் பார்த்துத் திரும்பியது. கேட்டில் பெரிய கிராணி குடையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, "எங்கை கொண்டு போறியள்? நில்லுங்கோ, நில்லுங்கோ" என்கிறார். தவில் சத்தத்தில் யார் காதில் விழும்? குடை உருளைக்குள் போய் இரண்டாக வளைந்தது. வெளியே இறக்கம். படகு எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. புறப்பட்ட அதே துறையில், அதே தண்ணீரில் போய் இறங்கி அழகாக நின்றது. பூசாரி இன்னொரு தேங்காய் உடைத்தார். நாங்கள் கைதட்டினோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் ஆளாக வடம் பிடித்துக் கத்திக்கொண்டு வந்தவன் நான்தான்.

தவில் நின்றது. படகின் முனையில் இருந்து காத்தமுத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் நல்லாத்தான் இழுத்தீங்க" என்றார். "இப்ப நான் உள்ள வந்துட்டேனா, வெளிய இருக்கேனா?"

பூசாரி மெதுவாக ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். மேட்டில் கேட் மணிக்காகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம் கேட்டது. ஐந்தரை. காலையில் மேடேற மூன்று மணி நேரம் பிடித்திருந்தது. "இன்னொரு தடவ இழுத்துருவோம்" என்று வேலையாள்களை மேய்க்கும் மண்டோர் வடத்தை எடுத்தார். எல்லோருமே எடுத்தார்கள், உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தவர்களும் எடுத்தார்கள். கிழவரை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. ஆறடித்தால் வெளியே நிற்கிற அத்தனை பேரையும் சுடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது, டிரசர் என்பதையும் மறந்து அழுதேன்.

காத்தமுத்து எங்களைப் பார்த்தார், மேட்டில் துப்பாக்கியோடு நின்ற காவல்காரர்களைப் பார்த்தார்.

"வடத்தைக் கீழ போடுங்கப்பா. படகு கெடக்கட்டும்" என்றார்.

கூரைக்குள் போனார். படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும், அதை ஒரு மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். அதைப் பிடுங்கினார். "எவனும் கொளுத்தவும் வேணாம், எவனும் எடுத்துட்டுப் போவவும் வேணாம்." பாயையும் ஒரு பழைய தார்ப்பாயையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த அடைப்புக்கட்டையைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நடந்து கரைக்கு வந்தார். படகு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நாங்கள்தான் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

ஆறுக்கு இரண்டு நிமிஷம். வளைந்த குடையால் பெரிய கிராணி ஒவ்வொரு தலையாகச் சுட்டினார். "காலமை வெளியாலை போனது நாப்பத்து மூண்டு. உள்ளுக்கை வந்தது நாப்பத்து நாலு" என்றார். அந்த நாற்பத்து நாலாவது தலையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அது கோபத்துக்கு அல்ல.

ஆள் வந்துவிட்டார். தூக்கம் வரவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று இரவும் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். தூக்க மருந்து கொடுத்தேன், இனிப்பாக இருக்கிறது என்றார். அளவை இரண்டு மடங்காக்கினேன், இன்னும் இருக்கிறதா என்றார். புதன்கிழமை அவர் கண் இரண்டும் சிவந்துவிட்டன.

"தம்பி, நாளைக்கு அந்த ஆபிசர் வர்றானாமே. நான் வெளிய போயிடுறேன். சுட்டா சுடட்டும். கப்பல்ல ஏத்துனா அதுவாச்சும் ஆடும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கையைப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பேச்சியம்மா தலையைத் தூக்கினாள்.

"டிரசரய்யா, அவருக்குத் தூக்கம் இல்லாம இல்ல. ஆட்டந்தான் இல்ல. எங்கிட்ட விடுங்க, பன்னண்டு புள்ளய ஒரு கயித்துல ஆட்டுனவ நான்."

"நான் என்னா புள்ளையா?" என்று காத்தமுத்து சீறினார். எனக்கும் எரிச்சல். இவள் தன் பன்னிரண்டு தூளிக் கதையைச் சொல்ல இதுவா நேரம் என்று அவளை அதட்டிவிட்டு எழுந்து போனேன்.

வியாழக்கிழமை காலை கேட் திறந்த கையோடு போலீஸ் அதிகாரி வந்துவிட்டார். நான் காத்தமுத்து அறைக்குப் போனேன். கட்டில் காலி. பாய் இல்லை, தார்ப்பாய் இல்லை, தலைமாட்டில் வைத்திருக்கும் அடைப்புக்கட்டையும் இல்லை. மனிதர் சொன்னபடி செய்துவிட்டார். கேட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, போயிட்டாரு, கெழவர் வெளிய போயிட்டாரு."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என் முகம் புரிந்தது. உடனே கத்த ஆரம்பித்தார். பெரிய கிராணி மட்டும் அசையவில்லை.

"போனதைக் கண்டீரோ?"

"கட்டில் காலியா கெடக்குதுங்க ஐயா."

"அப்ப நீர் கட்டிலைத்தான் கண்டிருக்கிறீர்" என்று சொல்லி, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, வளைந்த குடையை ஊன்றிக்கொண்டு ஓய்வு லயனைப் பார்த்து நடந்தார். பின்னால் அதிகாரி. நான் லயன் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, காத்தமுத்து காத்தமுத்து என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

லயனின் கடைசியில் பொதுச் சமையல் கொட்டகை. அதன் உத்தரத்தில் படகின் தார்ப்பாய் பெரிய தூளியாகத் தொங்கியது. ஒரு பக்கம் வெள்ளைத்தாடி நுனி, மறுபக்கம் இரண்டு கறுத்த பாதம். உள்ளே காத்தமுத்து வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கிலுகிலுப்பையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையைப் போல அடைப்புக்கட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தார். தூளியில் இருந்து ஒரு கயிறு வந்து பேச்சியம்மாவின் கால் கட்டைவிரலில் முடிந்தது. அவள் சுளகில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வாயைத் திறந்தார். பேச்சியம்மா உதட்டில் விரலை வைத்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவளின் பார்வை. அந்த மனிதர் திறந்த வாயை மூடிக்கொண்டு, பூட்ஸ் சத்தம் கேட்காமல் பின்னால் நகர்ந்தார். நான் மூச்சிரைக்க, "ஐயா, இங்கதான்..." என்று ஆரம்பித்தேன். பெரிய கிராணி குடை நுனியால் தூளியை ஒரு தடவை சுட்டினார். பேனாவைத் திறந்தார்.

"சத்தம் போடாதையும்" என்றார். "பிள்ளை நித்திரை."

புத்தகத்தில் எழுதினார்.

அதற்குப் பிறகு காத்தமுத்து அங்கே பதினொரு வருஷம் இருந்தார். அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்த பிறகு ஒரு நாள் அவரைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் வற்றும் நேரம், படகின் விளிம்பு தெரிந்தது. நல்ல மரம், கெடவில்லை. "கட்டைய அடைச்சுத் தண்ணிய எறைச்சா கெளம்பிடும். எடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. பேச்சிக்குத் தண்ணின்னா பயம்" என்றார்.

நேற்று மகனைக் கூப்பிட்டு, அந்தக் குடியிருப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசேஷத் தேவை ஏதும் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. கூரையில் பலமான ஒரு கொக்கி என்று எழுதினேன். அவன் இரண்டு தரம் படித்தான்.

"கொக்கி எதுக்குப்பா?"

"போடச் சொல்லு. கயிறு இழுக்க ஆள் இருக்கான்னு அங்க போயி நான் பாத்துக்கிறேன்" என்றேன்.